கோட்டையும் முத்திரையும்

வேலூர்க் கோட்டையின் படம் தாங்கிய இந்திய அஞ்சல் உறையொன்றை எம் வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். நாகூருக்குச் சென்று மீண்ட உறவினர் ஒருவர் அவனுக்கு அதனைத் தந்தாராம். 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு கோட்டைத் தலைகளுள் ஒன்று உறையில் ஒட்டப்பட்டிருந்தது. குவாலியர், சிங்ககட், சோத்பூர் என்பன ஏனைய மூன்று. தலையின்மேல் விழுந்திருந்த முத்திரையிலும் ஒரு மதிலின் கோட்டுருவம். மை சற்றுப் பரவியிருந்தபோதிலும் கொத்தளம் தெளிவாகவே தெரிந்தது. உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: "ஆரு சேர் இதுக்குள்ள இருந்த?"

எளிய வினாதான். விடைதான் எளிதாயில்லை. விசயநகர் காலத்தில் எழுந்த அக்கோட்டை பீசப்பூர்ச் சுல்தான்கள், மராட்டியர், ஆர்க்காட்டு நவாபுகள், கும்பினியார் எனக் கைமாறியது. திப்பு சுல்தானின் மக்கள் அங்கே காவலில் வைக்கப்பட்டனர். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதி இந்தியச் சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்து, சில மணி நேரம் கோட்டையைத் தம் கைக்குள் வைத்திருந்து, அன்றைய தினமே ஆர்க்காட்டிலிருந்து விரைந்துவந்த குதிரைப்படையால் நசுக்கப்பட்டனர். பத்தாண்டு கழித்து, 1816இல், எமது நாட்டின் இறுதி மன்னனாகிய கண்டியரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனை ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுபோய் அடைத்ததும் அதே மதில்களுக்குள்ளேதான். 1832இல் அவன் அங்கேயே மாண்டான். இவ்வளவையும் கூறி முடித்தபோது பையன் மீண்டும் உறையைப் பார்த்தான். இவற்றுள் எதுவும் அதில் இல்லை. மதில் இருந்தது, கொத்தளம் இருந்தது, அகழியின் நீர் இருந்தது. மனிதர் இல்லை.

2006ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதி, கிளர்ச்சியின் இருநூறாம் ஆண்டையொட்டி, இந்திய அஞ்சல் துறை வேறொரு தலையை வெளியிட்டது உண்மையே. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயின் கோட்டை ஒரு தலையாகவும் கிளர்ச்சி மற்றொரு தலையாகவும் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் வெளிவரும்போது, சேகரிப்போரின் ஏட்டில் அவை வெவ்வேறு பக்கங்களில் ஒட்டப்படுகின்றன. ஒன்று 'கட்டடக்கலை' என்ற தலைப்பின் கீழும் மற்றது 'விடுதலைப் போர்' என்ற தலைப்பின் கீழும் போய்விடுகின்றன. இரத்தம் சிந்திய இடமும் அழகாய் நிற்கும் இடமும் ஒன்றே என்பது அந்த ஏட்டைப் புரட்டுபவனுக்குத் தெரிய நியாயமில்லை.

கோட்டைகளைச் சித்திரமாகப் பொறிக்கும் அஞ்சல் முத்திரைகளைப் பற்றிச் சில எழுதவேண்டும் என்ற எண்ணம் எமக்கு அவ்வுறையினால் உண்டாயிற்று. இலக்கிய ஏட்டில் தபாற்கந்தோர் விவகாரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாட்டார் பாடலையும் கூத்தையும் மக்கள் கலையென ஆராயும் நாம், மக்களின் பெயரால் அரசு வரைந்து மக்களின் கைக்கே அனுப்பும் ஒரு சித்திரத்தை ஆராயாது விடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

முதலிற் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். எமது பகுதியிலே கடிதத்தில் ஒட்டுவதை 'முத்திரை' என்றும், அதன்மேற் குத்துவதைச் 'சீல்' என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் ஒட்டுவதை அஞ்சல் தலை என்றும் குத்துவதை முத்திரை என்றும் கூறுவோம். முத்திரையின் இயல்பான தொழில் கொலைத்தொழிலாகும். ஒருமுறை பயன்பட்ட தலையை மறுமுறை பயன்படாதவாறு கொன்றுவிடுவதற்கே அது பிறந்தது. கொன்ற இடத்தையும் நாளையும் எழுதிவைத்துவிட்டுப் போவது அதன் நேர்மை. ஊர்ப்பெயர், திகதி, ஒரு வட்டம் ஆகியவற்றுக்கு மேல் அதற்கு ஆதியில் எதுவும் தேவைப்படவில்லை.

இந்தக் கொலைக்கருவிக்குள் ஊரின் முகத்தை வரையலாம் என்பதை விரிவாகச் செய்துகாட்டிய நாடு யப்பான். 1931இல் புஜி மலையின் அஞ்சலகங்களில் தொடங்கிய காட்சி முத்திரை, போர்க்காலத்தில் நின்றுபோய், போருக்குப் பின் மீண்டும் உயிர்பெற்று, இன்று பதினாயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் வழங்குகின்றது. செந்நிறம் கலந்த கபில மையில், மலையோ அருவியோ கோட்டையோ அவ்வூரின் விளைபொருளோ வட்டத்துள் நிற்கும். இமேசி நகரில் அந்நகரத்து வெண்கோட்டை. வேறோர் ஊரில் மீனோ பழமோ கூட இடம்பெறும். இந்தியாவில் நிரந்தரச் சித்திர முத்திரை என்ற பெயரில் இதே முறை இருக்கின்றது. கோயில், பறவைச் சரணாலயம், கோட்டை முதலியன அவற்றின் பொருள்கள். இலங்கையிலோ புதிய தலை வெளியாகும் முதல்நாள் உறைகளிலேதான் பெரும்பாலும் இத்தகைய சித்திரத்தைக் காண்கிறோம்.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவிலும் யப்பானிலும் சித்திர முத்திரை, கேட்பவருக்கு மட்டுமே குத்தப்படும். குறித்த அஞ்சலகத்துக்குச் சென்று, குறித்த சாளரத்தில் உறையை நீட்டி வேண்டிக்கொள்ள வேண்டும். அதே அஞ்சலகத்தின் பெட்டியில் ஒரு கிழவி தன் மகனுக்கு எழுதிப் போடும் கடிதத்தின்மேல் வழக்கமான வெறும் வட்டமே விழும். ஆக, ஊரின் கோட்டையைச் சித்திரித்த முத்திரை அவ்வூராரின் கடிதத்தில் ஏறுவதில்லை. அது வெளியூரிலிருந்து வரும் சேகரிப்பாளரின் ஏட்டுக்குப் போய்ச் சேர்கின்றது. ஊருக்குப் பெருமை என்று சொல்லப்படுவது ஊரை ஒருமுறையும் சுற்றிவராமலே வெளியேறிவிடுகின்றது. கலை மக்களுக்காகவா என்ற பழைய விவாதத்தை நாம் சஞ்சிகைகளில் நடத்திக்கொண்டிருக்கிறோம். அஞ்சலகத்தின் இரு சாளரங்கள் அதனை எவ்வித விவாதமுமின்றித் தீர்த்துவைத்துவிட்டன.

நிற்க. முத்திரையில் ஏறும் கோட்டை எத்தகைய கோட்டை என்பதே எமது முக்கிய வினா.

கோட்டை என்ற சொல் ஒன்றுதான், பொருள் பல. உருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியிலே சாக்சன் குடியானவர்கள் தம் கிராமங்களின் நடுவே தேவாலயத்தைச் சுற்றி மதிலெழுப்பினர். துருக்கர் படைகளும் தாத்தாரியர் படைகளும் மாறிமாறிச் சூறையாடிய காலமது. பிரெசுமர் என்ற கிராமத்தின் மதிலுக்கு உட்புறமாக, தேன்கூட்டைப் போல, ஏறக்குறைய 270 அறைகள் அடுக்கடுக்காய் உள்ளன. கிராமத்துக் குடும்பமொவ்வொன்றுக்கும் அங்கே ஓர் அறை. பகைவர் வந்தால் ஏறிக்கொள்ள ஏணிகள், தானியத்துக்கு இடம், பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளியறை. அது மன்னன் ஒருவனுடைய கோட்டையன்று. உழுதவன் தன் விதைநெல்லைக் காக்கத் தன் கையால் எழுப்பிய மதில். இப்பகுதிக் கிராமங்களை 1993இலும் 1999இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இதற்கு நேர்மாறானது எமது மட்டக்களப்புக் கோட்டை. அது ஊருக்காக எழுந்ததன்று, ஊரின்மேல் வைக்கப்பட்டது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் புலத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் நாலாயிரம்பேர் வரையில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் எழுதுவர். இரண்டாண்டு கழியுமுன், 1628இல், அதே போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். துரத்தப்பட்டவன் மூச்சுவிட நின்ற இடத்துக்குத் துரத்தியவன் கல்லுடன் வந்து சேர்ந்தான் என்று இதனைச் சுருக்கலாம். 1638ஆம் ஆண்டு மே 18ஆந் திகதி ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பறித்த முதலாவது கோட்டை அதுவே. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பின்னர் நெடுங்காலம் கச்சேரி அதற்குள்ளே இயங்கியது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் எம் முன்னோர் வெய்யிலில் நின்ற வாசல், பீரங்கி வைக்க அமைத்த வாசலேயாகும்.

ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்தில் 'ஊழியம்' என்றொரு முறை நடந்தது. முஸ்லிம்களும் செட்டிகளும் இந்நாட்டுக்கு அந்நியர் எனக் கணிக்கப்பட்டு, ஆண்டிற் குறித்த காலம் கும்பனிக்குக் கூலியின்றி உடலுழைப்புச் செய்யவேண்டும், அல்லது பணம் கட்டி அதிலிருந்து தப்பவேண்டும். பணமுள்ளவன் தப்பினான். இல்லாதவன் சுமந்தான். இன்று 'அரச ஊழியர்' என்று நாம் எம்மைப் பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். எம் சம்பளப் பட்டியலின் தலைப்பில் இருக்கும் அச்சொல்லுக்கு ஒரு காலத்திற் கூலியே இல்லை. ஏனைய சாதியினருக்கும் அவரவர்க்குரிய கட்டாய சேவை இருந்தது. சிங்களக் குடியானவனையும் இராசகாரியம் விடவில்லை. ஆகவே, கரையோரக் கோட்டை எதனையேனும் ஓர் அங்குல வட்டத்துக்குள் வரையப் புகும் ஓவியன், கல்லை மட்டும் வரைந்தால் அந்தக் கல்லைப் பாதியாகவே வரைந்தவனாவான் என்பது எமது கருத்து.

பாஞ்சாலங்குறிச்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நெல்லைச் சீமையின் ஒரு சிற்றூர், மண்ணாற் கட்டிய கோட்டை. கட்டபொம்மனைக் கும்பினியார் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையை இடித்துத் தள்ளினர். 1801இன் தொடக்கத்தில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பிவந்ததும், சுற்றுவட்டாரத்து மக்கள் திரண்டு சில நாட்களுக்குள் அதே மண்ணில் அதே கோட்டையை மீண்டும் எழுப்பினர். வெள்ளைக்காரத் தளபதிகளே வியந்து எழுதிய செயல் அது. மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்றும், ஊர்ப்பெயரை ஆவணங்களிலிருந்தே நீக்கினர் என்றும் சொல்லுவர். கற்கோட்டையைக் காட்டிலும் இந்த மண்கோட்டை கும்பினியாரை அச்சுறுத்தியதற்குக் காரணம் வெளிப்படை. கல்லைக் கொண்டுவரப் பணம் வேண்டும். மண்ணைக் குழைக்க ஊர்ச்சனம் ஒருமித்து வந்தாற் போதும்.

இந்திய அஞ்சல் துறை 1999 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனுக்குத் தலை வெளியிட்டது. வரவேற்கத்தக்கது. ஆயின் தனியொருவனின் உருவம் தலையில் ஏறிவிட்டமையால், சில நாட்களுக்குள் மண் குழைத்த அந்த ஆயிரக்கணக்கான கைகளின் கதை முடிந்துவிட்டதா? இன்று அவ்வூரில் நிற்கும் கோட்டை 1974இல் தமிழ்நாட்டு அரசு எழுப்பிய நினைவுக் கட்டடம். அதனை ஒருவர் முத்திரையில் வரைந்தால் எந்தக் கோட்டையை வரைந்தவராவார்? மழையிற் கரையும் மண்மதிலை வரைவதற்கு எவரும் முன்வருவதில்லை. வரைந்தால் அது 'கோட்டை மாதிரி' இராது என்பர். கோட்டை எவ்வாறிருக்க வேண்டும் என்பதையே கும்பினியாரும் இராசபுத்திரரும் எமக்குக் கற்பித்துவிட்டனர்.

இன்னொன்றையும் ஒளிக்காது சொல்லவேண்டும். பாளையக்காரரின் ஊர்க்கோட்டை முழுதும் குடியானவனின் கோட்டையுமன்று. தேசக்காவல், தலக்காவல் என்ற பெயர்களில் அவர்கள் ஊர்களிடம் வரி தண்டினர். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவன் என்பதனாலேயே ஒருவன் தன் குடிகளைச் சுரண்டாதவனாகிவிட மாட்டான். நிலப்பிரபுத்துவத்தின் மதிலும் மதிலே. தேசாபிமானத்தின் பெயரால் இதனை மூடிவைக்கும் எழுத்தை நாம் நல்லெழுத்தென மதிப்பதில்லை.

ஆக மூன்று வகைக் கோட்டைகள். குடியானவர் தமக்கென எழுப்பியது ஒன்று. அந்நியர் குடிகளின்மேல் ஏற்றியது மற்றொன்று. குடிகளின் உழைப்பிலும் வரியிலும் உள்ளூர்த் தலைவன் எழுப்பி, பின் குடிகளோடு சேர்ந்தே பறிகொடுத்தது இன்னொன்று. இம்மூன்றையும் சித்திர முத்திரையில் வரைந்து பாருங்கள். ஒரே கோடு, ஒரே கொத்தளம், மேலே ஒரு கொடி. பெயரை அழித்துவிட்டால் எது எதுவென்று சொல்லமுடியாது. சித்திரத்தின் தோல்வி இங்கேதான் இருக்கின்றது. மரத்தையும் மரத்தையும் வேறுபடுத்திக் காட்டாத ஓவியனை நாம் ஓவியன் என்போமா?

இதற்குச் சேகரிப்பில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் எமக்குக் கூறிய மறுமொழி கவனிக்கத்தக்கது. "முத்திரை ஓரங்குல வட்டம். இரப்பரிலோ உலோகத்திலோ வெட்டுவது. நிழலையும் ஒளியையும் அது தாங்காது. நுண்ணிய கோடுகள் மையில் அடைபட்டுவிடும். அதற்குள்ளே வர்க்க முரண்பாட்டையும் வரையச் சொல்கிறீரே! ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து, கோட்டை எங்கே இருக்கிறதென்று தேடப் புறப்பட்டாற் போதாதா?"

பிள்ளை தேடப் புறப்படும் என்ற பகுதியை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம். எம் மாணவனே சான்று. ஆனால் இடம் சிறிது என்ற வாதம் எடுபடாது. 1935ஆம் ஆண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் காலத்தில், இலங்கை வெளியிட்ட அஞ்சல் தலை வரிசையைப் பாருங்கள். இரண்டு சதத் தலையில் இறப்பர்ப் பால் வெட்டுவோர். ஒன்பது சதத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்போர். முப்பது சதத்தில் பழைய குளம். ஐம்பது சதத்தில் காட்டு யானைகள். ஒரு ரூபாய்த் தலையில் எமது கிழக்கின் திருக்கோணமலை. பெருவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரிய பரப்பில், மூலையில் மன்னரின் தலைக்கும் இடம் விட்டு, உழைக்கும் மனிதரை அந்த ஓவியர் நிறுத்திக்காட்டினர். வெள்ளைக்கார அரசாங்கத்தால் முடிந்தது!

ஏன் முடிந்தது என்பதையும் கேட்கவேண்டும். அந்தத் தேயிலைத் தொழிலாளி அங்கே நின்றது மனுஷியாகவன்று, தேயிலையின் விளம்பரமாக. அவளது கை தெரிந்தது; கையிற் பட்ட அட்டைக்கடி தெரியவில்லை. நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத்துத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களது வாக்கும் போயிற்று. அந்தக் கணக்கைச் சட்டத்தில் தீர்க்க 2003 வரை சென்றது. தலையில் இடம் கிடைத்தவளுக்கு நாட்டில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே சித்திரத்தில் ஒரு தொழிலாளியைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கருதவில்லை. யாருடைய கண்ணால் அவளைப் பார்க்கிறோம் என்பதும், அவளுடைய கடிதத்தின்மேல் அந்தச் சித்திரம் விழுமா என்பதும் சேர்ந்தே கேட்கப்படவேண்டிய வினாக்கள்.

எம் ஏறாவூருக்கு வருவோம். இங்கே கற்கோட்டை எதுவும் நிற்கவில்லை. ஆனால் ஊர்ப்பெயர்களே எமது பழைய கோட்டைகள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றனர் என்றும், தோற்ற திமிலர் வடக்கே வெருகல்வரை துரத்தப்பட்டனர் என்றும் கர்ண பரம்பரைக் கதையொன்று வழங்குகின்றது. துரத்திய வழியெல்லாம் பெயர்கள்: சத்துருக்களைக் கொன்றதனாற் சத்துருக்கொண்டான், வந்து இளைப்பாறியதனால் வந்தாறுமூலை, பகைவர் ஏறாதவாறு காத்ததனால் ஏறாவூர். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964இல் வெளிவந்த வித்துவான் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் இப்பகுதியின் இத்தகைய பழமரபுகளை நாடுவோர் எடுக்கும் நூல்கள். சொல்லாராய்ச்சியாளர் இக்காரணங்களை ஏற்பரோ அறியோம். ஏற்காவிட்டாலும், இரு சமூகங்கள் தோளோடு தோள் நின்ற ஒரு நினைவை ஊர்ப்பெயர்கள் சுமக்கின்றன என்பதே எமக்கு முக்கியம். தெற்கே கோட்டைக்கல்லாறு என்ற கிராமம் இருக்கின்றது. அங்கே போய் நின்றால் வாவியும் கடலும் தென்னையும் தெரியும். கோட்டை பெயரில் மட்டும் இருக்கும். சித்திரம் எதுவுமின்றி, ஊர்ப்பெயரை எழுதும் வெறும் முத்திரையே ஒரு கிராமக் கோட்டையின் நினைவுச் சின்னமாகிவிடும் இடங்கள் இவை.

பெயர்கள் சுமந்த நினைவை எம் காலம் காப்பாற்றவில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆந் திகதி ஏறாவூரில் முஸ்லிம் மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஒரு மாதம் கழியுமுன், செப்டெம்பர் 9ஆந் திகதி, சத்துருக்கொண்டானில் இராணுவத்தினர் தமிழ் மக்களைக் கூட்டிச்சென்று கொன்றனர். பழங்கதையில் ஒரே பக்கம் நின்றவர்களின் இரண்டு ஊர்கள். அதன்பின் 2009 வரை எமது சந்திகள்தோறும் எழுந்தவைதாம் எம் தலைமுறை கண்ட கோட்டைகள். மணல் நிரப்பிய மூட்டைகள், தென்னங்குற்றிகள், முட்கம்பி, ஒரு துவாரம், அதன் வழியே ஒரு துப்பாக்கி முனை. காவலரண் என்றோம். பள்ளிக்கூடம் போகையில் இறங்கி நடந்தோம். அரபு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற தாய்மாரின் கடிதங்கள் அக்காவலரண்களைக் கடந்துதான் வீடு வந்தன. கடிதத்தின் மேல் அன்னிய எழுத்தில் விழுந்திருந்த முத்திரையைத் தடவிப்பார்த்து, அம்மா இருக்கும் ஊர் இதுவென்று தம்பிக்குக் காட்டிய பிள்ளைகள் எம்மோடு படித்தனர். அந்த முத்திரையிற் சித்திரம் இல்லை. அதனை அவர்கள் படித்ததுபோல வேறெந்தச் சித்திரத்தையும் எவரும் படித்திருக்க மாட்டார்.

மணல்மூட்டை அவிழ்த்துக் கொட்டப்பட்டுவிட்டது. நல்லது. அதனை யாரும் நினைவு முத்திரையில் வரையப்போவதில்லை. நாமும் அவ்வாறு கோரவில்லை. ஆனால் ஒரு மதிலின் அழகைப் பற்றி எம்மிடம் பேசவரும் எவரும், மதிலுக்கு வெளியே நின்று அடையாள அட்டையை நீட்டியவர்களிடம் பேசுகிறோம் என்பதை மறக்கலாகாது. செஞ்சிக் கோட்டையையும் அடக்கிய மராட்டியர் காலத்துப் பன்னிரு கோட்டைகள் 2025 ஜூலையில் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது எமக்கும் மகிழ்ச்சியே. கோட்டைகளைக் காக்க வேண்டும், வரையவும் வேண்டும். எவரெவர் அவற்றைச் சுமந்தனர் என்பதையும் வரைய வேண்டும். அந்தச் சித்திரம் கேட்டு வாங்கும் சாளரத்தைவிட்டு வெளியே வந்து, அவ்வூர்ப் பெட்டியில் விழும் ஒவ்வொரு கடிதத்திலும் குத்தப்படவேண்டும். கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர் என்பது உண்மை. எஞ்சியிருப்பவர்களாவது தம் ஊரின் முகத்தைக் காண்பதற்கு அதுவே காரணமாகலாம்.

எழுதிக்கொண்டு போனால் வெறும் உபதேசமாகிவிடுமோ என்ற ஐயத்தில், வகுப்புப் பிள்ளைகளிடமே வட்டம் கீறிய கடதாசிகளைக் கொடுத்து, எமது பகுதிக்கு ஒரு முத்திரை வரையுங்கள் என்றோம். பெரும்பாலோர் பாடும் மீனை வரைந்தனர். அதை எதிர்பார்த்தோம். ஒருவன் உறுகாமக் குளக்கட்டை ஒற்றைக் கோடாய் இழுத்து, மேலே ஒரு கொக்கை நிறுத்தியிருந்தான். ஒரு மாணவி வாவியில் வீச்சுவலை எறிபவரை வரைந்தாள். விரிந்த வலையின் விளிம்பே முத்திரையின் வட்டமாகியிருந்தது. கோட்டுச் சித்திரம் என்ற அளவில் வந்தவற்றுள் அதுவே மிகச் சிறந்தது. யப்பானிய அஞ்சலகமொன்றும் அதனை மறுக்காது.

வேலூர் உறையைக் கொண்டுவந்த பையன் புளியந்தீவுக் கோட்டையைத்தான் வரைந்தான். இரண்டு கொத்தளங்கள், ஒரு வாசல். வாசலுக்கு முன்னே, முழுக் கோட்டையையும் விடப் பெரிய உருவமாய், தலையிற் கல் சுமந்த ஒரு மனிதன். அளவு பிழை என்று பக்கத்திலிருந்தவன் சிரித்தான். நாம் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினோம்: வட்டம் முழுவதும் மதிலும் மனிதனும் நிறைந்துவிட்டமையால் ஊர்ப்பெயருக்கும் திகதிக்கும் இடமில்லை; திகதி இல்லாவிட்டாற் தபாற்கந்தோரில் இதனை முத்திரை என்று ஏற்கமாட்டார்கள். பையன் சிறிது நேரம் யோசித்தான். பின் அழிறப்பரை எடுத்து, வலப்பக்கத்துக் கொத்தளத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அன்றைய திகதியை எழுதினான்.